மறக்கவே முடியாத கச்சேரி

நேரில் கச்சேரி கேட்டவரிடம் விசாரித்துப் பாருங்கள். பாட்டு மூன்றாவது இடத்துக்குப் போய்விடும். முதலிடம் பார்க்கிங், இரண்டாமிடம் கழிவறை வரிசை.

2023 ஜனவரி 28 அன்று கோலாலம்பூர் புக்கிட் ஜாலில் அரங்கில் ஏ.ஆர். ரகுமான் பாடினார். கேமரன் மலையின் கியா பார்மில் ஸ்ட்ராபெரி விற்கும் அண்ணன் ஒருவர் கடையை மூடிவிட்டு, தாப்பா மலைப்பாதை வளைவுகளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கோலாலம்பூருக்கு இறங்கினார்.

“எப்படிண்ணே இருந்துச்சு?”

“அருமை தம்பி! எல்லாம் போன்ல இருக்கு.”

காட்டினார். முன்னால் நின்றவரின் போன் தெரிந்தது. அதன் திரையில் அவருக்கு முன்னால் நின்றவரின் போன். அதற்குள் வெள்ளையாக ஒரு புள்ளி. அதுதான் ரகுமானாம். பாடியதென்னவோ பக்கத்தில் நின்றவர்.

இதற்கே அண்ணன் புண்ணியம் செய்தவர். அதே ஆண்டு செப்டம்பர் 10 அன்று சென்னை பனையூரில் கையில் டிக்கெட் வைத்திருந்த பலரால் கூட்ட நெரிசலில் உள்ளேயே போக முடியவில்லை. முதலமைச்சரின் வாகனங்களே நெரிசலில் சிக்கின. பிறகு பணத்தைத் திருப்பித் தந்தார்கள். நிகழ்ச்சியின் பெயர் ‘மறக்குமா நெஞ்சம்’. பெயர் வைத்தவருக்கு நாக்கில் சனி.

இந்த அவதி எதுவுமில்லாத இசையும் உண்டு. கோயில் திருவிழாவில் உறுமி மேளம் முழங்கும்போது டிக்கெட்டும் கிடையாது, விஐபி வரிசையும் கிடையாது. அடி நேராக நெஞ்சில் விழும். ஓசியில் கிடைப்பதால் யாரும் அதைக் கச்சேரிக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அடுத்த கச்சேரிக்குப் போகிறவர்களே, ஒரு பாட்டுக்காவது போனைப் பாக்கெட்டில் போடுங்கள். பின்னால் நிற்பவரும் காசு கொடுத்துத்தான் வந்திருக்கிறார்.