“பேரு என்னா?”

பிள்ளை பெற்ற வீட்டில் பூண்டுக் குழம்பு வாசனை அடங்குமுன் இவர் வந்து நிற்பார். தொட்டிலை எட்டிப் பார்ப்பதில்லை. தாய் தேறினாளா, பிள்ளை பால் குடிக்கிறதா, எதுவும் கேட்பதில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, தே ஓ வருமுன்னே ஒரே கேள்வி: “பேரு என்னா?”

சொன்னால் அடுத்தது, “அர்த்தம் தெரியுமா?” தெரியாது என்றால் அரை மணி நேரம். தெரியும் என்றால் ஒரு மணி நேரம்.

எங்கள் கியா பார்ம் ஐயா அர்த்தம் சொல்லாமல் விட்ட பெயர் எதுவும் இல்லை. ஊர்ப் பெயரையே விடவில்லை. ‘கிளியா’ என்பதில் ‘ளி’ உதிர்ந்து ‘கியா’ ஆனதாம். நியூசிலாந்து மலைகளில் ‘கியா’ என்றே ஒரு கிளி உண்டு என்று பள்ளிக்கூடப் பையன் ஒருவன் வாயைத் திறந்து தொலைத்தான். “பாத்தியா? தமிழன் அங்கயும் போயிருக்கான்!” என்றார். 1885இல் இந்தக் கேமரன் மலையை அளக்க வந்த வில்லியம் கேமரனின் பெயருக்கு ஸ்காட்லாந்துக்காரர்கள் சொல்லும் பொருள் ‘கோணல் மூக்கு’. அது மட்டும் ஐயாவின் காதில் ஏறாது. கோணல் மூக்கு மலையில் குடியிருக்க அவருக்கு மனமில்லை.

என் தங்கைக்குப் பெண் பிறந்தபோதும் வந்தார். தீர்ப்பைக் கையோடு எழுதிக்கொண்டு வந்திருந்தார்.

“மலையில பொறந்த பொண்ணு. குறிஞ்சின்னு வை.”

“பொறந்தது ஈப்போவிலங்கய்யா” என்றார் மச்சான்.

“ஈப்போவும் மரத்தோட பேருதான் தம்பி!”

உண்மைதான். ஆனால் அந்த மரத்துப் பாலைத்தான் ஒராங் அஸ்லிப் பழங்குடிகள் ஊதுகுழல் அம்பில் நஞ்சாகத் தடவினார்கள். “அப்ப ஈப்போன்னே வெச்சிரலாங்களா?” என்று மச்சான் கேட்டது ஐயாவுக்குப் பிடிக்கவில்லை.

அன்று தொடங்கியது குறிஞ்சிப் பேருரை. மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி, அதன் தெய்வம் முருகன், தோட்டந்தோறும் முருகன் கோயில், ஆகவே பிள்ளைக்குப் பெயர் குறிஞ்சி. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை வரிசையாக அடுக்கியதையும் சொல்வார். காந்தளில் தொடங்கி ஐந்தாவதாகக் குறிஞ்சி வரும். அங்கே நிறுத்திக்கொள்வார். மிச்சம் 94 பூவை நாங்கள் யாரும் அவர் வாயால் கேட்டதில்லை.

பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு முறைதான் நீலக்குறிஞ்சி பூக்கும் என்பதைப் பெருமையாகச் சொல்லப்போய் என் அம்மாவிடம் மாட்டிக்கொண்டார். மூணாற்றில் 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது, இனி 2030 என்று அவர் விரல்விட்டு எண்ண, “அதுவரைக்கும் பிள்ளை சும்மா நிக்கணுமாக்கும்” என்றாள் அம்மா.

நா. பார்த்தசாரதியின் ‘குறிஞ்சி மலர்’ படித்துவிட்டு எத்தனை பேர் பிள்ளைக்குப் பெயர் வைத்தார்கள் தெரியுமா என்றும் கேட்டார். வைத்தார்கள்தான். நாவலின் நாயகன் அரவிந்தன், நாயகி பூரணி. வாசகர்கள் அந்த இரண்டு பெயர்களைத்தான் தேடி வைத்தார்கள். அரவிந்தம் என்றால் தாமரை. குறிஞ்சி அட்டையில் இருந்தது, தாமரை தொட்டிலுக்குப் போனது. இதைச் சொன்னதற்கு என்னோடு இரண்டு வாரம் பேசவில்லை.

தங்கை நினைத்து வைத்திருந்த பெயர் கயல்விழி. “மலையில மீனுக்கு என்னா வேல?” என்று அதைத் தள்ளிவிட்டார். முல்லை? அது காடு. மருதாணி, செண்பகம்? பழசு. வேடிக்கை இத்தோடு போதும். பிறப்பைப் பதிய அறுபது நாள்தான் அவகாசம். இவர் பேச்சுக்குப் பயந்து ஐம்பத்தேழு நாள் அந்தக் குழந்தை ‘பாப்பா’வாகவே கிடந்தது. பெற்றவர்கள் வைக்கும் பெயரில் மற்றவருக்கு என்ன வேலை? மூன்று நாள் மிச்சமிருக்கையில் மச்சான் காலையிலேயே பஸ் பிடித்துப் போய்க் கயல்விழி என்றே பதிந்துவிட்டார். மலாய் எழுத்தான ரூமியில் ‘ழ’ இல்லாததால் முகப்பில் இருந்தவர் “காயால்விசி” என்று கூப்பிட்டாராம். விஷயம் தெரிந்ததும் ஐயா சொன்னது: “குறிஞ்சியில ‘ழ’வே இல்ல. சொன்னேன், கேட்டீங்களா?”

போன மாதம் கியா பார்ம் சரிவில் காய்கறிக் கடைகளை ஒட்டி அவரோடு நடந்துகொண்டிருந்தேன். நல்ல பனி. எதிரே வரும் கார் விளக்கு மட்டும் தெரிந்தது. அவித்த சோளம் விற்கும் பாட்டி ஒருத்தி, தோட்டத்தில் கொழுந்து எடுத்து ஓய்ந்தவள், பானை மூடியைத் திறந்தாள். ஐயாவின் கண்ணாடி ஆவியில் மங்கியது. துடைத்துக்கொண்டே கேட்டார்:

“பேரு என்னாம்மா?”

“போதும்பொண்ணுங்க.”

ஐயா வாயைத் திறந்தார்.

“எங்கப்பாவுக்கு நான் அஞ்சாவது பொண்ணு. அர்த்தம் சொல்லணுமாங்க?” என்றாள் பாட்டி, சோளத்தைப் புரட்டியபடி.

நான் அறிந்தவரை அன்றுதான் ஐயாவுக்குப் பேச்சு வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “நாலு சோளம் குடும்மா” என்றார். விலை கேட்கவில்லை, மிச்சக் காசும் வாங்கவில்லை. காரில் ஏறிப் பிரிஞ்சாங் வரும்வரை சோளம் மடியில் ஆறிக்கொண்டிருந்தது. பிறகு கண்ணாடிப் பக்கம் திரும்பி, தனக்குத்தானே சொல்வதுபோல் சொன்னார்:

“மலையில பொறந்த பொண்ணு. குறிஞ்சின்னு வெச்சிருக்கலாம்.”