இப்பதான் போச்சு

நேற்றுக் காலை பால் பாக்கெட் வாங்கப் போனேன். கடைக்காரர் மீதிச் சில்லறையைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "சார், புலி பாத்தீங்களா?" என்றார். இப்படிக் கேட்ட பதினான்காவது ஆள். இல்லை என்றேன். பத்தாம் வகுப்பில் கோட்டைவிட்ட பையனைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுச் சில்லறையைக் கொடுத்தார்.

மான் பார்த்தேன், யானை பார்த்தேன். அதை ஒருவரும் கேட்பதில்லை. கார்பெட் காட்டுக்குப் போய்ப் புலி பார்க்காதவன், திருப்பதிக்குப் போய் லட்டு மட்டும் வாங்கிக்கொண்டு வந்தவன்.

இனிமேல் காட்டுக்குக் கிளம்புகிறவர்களுக்காக முக்கியமான யோசனை ஒன்று வைத்திருக்கிறேன். கடைசியில் சொல்கிறேன்.

பொங்கல் லீவில் போனோம். உத்தராகண்டில் ராம்நகரைத் தாண்டி, கோசி ஆற்றங்கரையில் ஒரு விடுதி. பெயர் வேண்டாம். விளம்பரத்தில் வந்த வெந்நீர் குழாயில் வரவில்லை. அம்பத்தூர்க்காரனிடம் ஸ்வெட்டர் ஏது? வீட்டில் இருந்தது ஒரே ஒரு குரங்குக் குல்லா. மாமியார் அதை மாட்டிக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்தார். எதிர்மரத்துக் கருமூஞ்சிக் குரங்குகள் அவரை வெகுநேரம் கவனித்தன.

மறுநாள் இருட்டோடு இருட்டாக எழுப்பி, பிஜ்ரானி பக்கம் ஜிப்ஸியில் கூட்டிப்போனார்கள். முதல் திருப்பத்திலேயே வழிகாட்டி மண்ணைக் காட்டினார். புலியின் கால்தடம். புதுசாம். எதிரே வந்த ஜிப்ஸிக்காரர் ஐந்து விரலை விரித்தார். ஐந்து நிமிஷம் முன்னாடிதான் போச்சாம்.

எனக்கு உடனே அம்பத்தூர் ஓ.டி. பஸ் நிலையம் ஞாபகம் வந்துவிட்டது. முப்பது வருஷமாக அங்கே பூந்தமல்லி பஸ்ஸுக்கு நிற்கிறேன். போய் நின்றதும் பக்கத்து ஆள் சொல்வார், "இப்பதான் சார் ஒண்ணு போச்சு." எப்போது போனாலும் இப்பதான் போயிருக்கும். விடியற்காலை முதல் பஸ்ஸுக்குப் போனாலும் அதற்கு முன்னால் ஒன்று போயிருக்கும். டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தால் பஸ் வந்துவிடும். நாங்கள் பிளாஸ்க்கைத் திறந்த நேரம் பார்த்து, புலி அடுத்த ஜிப்ஸிக்குக் காட்சி கொடுத்தது. நிறுத்தத்தைத் தாண்டிப் போய் நிற்கும் பஸ்ஸுக்குப் பின்னால் நாம் ஓடுவதில்லையா, அப்படியே ஒரு ஜிப்ஸி கிளம்பினால் அதன் புழுதியில் பத்து ஜிப்ஸி. சேர்ந்தாற்போல் மூன்று பஸ் வரும், மூன்றும் ஆவடி. காட்டில் அதற்குப் பெயர் மான். தூரத்து நம்பர் போர்டைப் படிக்கக் கண்ணைச் சுருக்குவதுபோலப் புதருக்குள் கோடு தேடினேன். கோடு தெரிந்தது. கேமராவைத் தூக்கினால் மூங்கில் நிழல். பஸ் வராவிட்டால் டிக்கெட் காசாவது மிச்சம். புலி வராவிட்டாலும் ஜிப்ஸிக்குக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

நடுவில் வழிகாட்டி உதட்டில் விரலை வைத்து, "கால்! கால்!" என்று கிசுகிசுத்தார். மாமியார் இரண்டு காலையும் சீட்டின்மேல் தூக்கிக்கொண்டார். புள்ளிமான் எச்சரிக்கைக் குரல் கொடுக்கிறதாம். அவருடைய ஆங்கிலத்தில் அது 'கால்'. எஞ்சினை அணைத்துவிட்டு அரை மணி நேரம் காத்திருந்தோம். வந்தது ஒரு மயில். மாமியார் ராம்நகர் வரும்வரை காலை இறக்கவில்லை.

கார்பெட்தான் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா, 1936-ல் வந்தது. 1973-ல் புலிகள் பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கியதும் இங்கேதான். 2022 கணக்கெடுப்பில் 260 புலி. நாட்டில் வேறெந்தக் காப்பகத்திலும் இத்தனை கிடையாது. இதையெல்லாம் கிளம்புவதற்கு முன்னால் தெரு முழுக்கச் சொல்லிவைத்தது என் தப்பு. திரும்பும்போது ரயிலில் உட்கார்ந்து வகுத்துப் பார்த்தேன். காப்பகம் 1,288 சதுர கிலோமீட்டர். புலிக்குத் தலைக்கு ஐந்து சதுர கிலோமீட்டர்! அம்பத்தூரில் 2011 கணக்குப்படியே 4,66,000 பேருக்கு மேல். எனக்கும் ஐந்து சதுர கிலோமீட்டர் கொடுத்துப் பாருங்கள், நானும்தான் கண்ணில் படமாட்டேன்.

இதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். மாடி வீட்டுக்காரரைத்தான் பொறுக்க முடியவில்லை. கூடலூரில் ஒரு கல்யாணத்துக்கு மைசூர் வழியாகப் போயிருக்கிறார். முதுமலைச் சாலையில் புலி குறுக்கே நடந்திருக்கிறது. கையில் முறுக்கோடு ஜன்னல் வழியாகப் பார்த்தாராம். அதுவும் பஸ்ஸில்! நாற்பது விநாடி வீடியோ. எனக்கு மூன்று தடவை காட்டியாகிவிட்டது. புலி திரும்பிப் பார்க்கும் இடத்தில் நிறுத்தி, பெரிதாக்கி வேறு காட்டுகிறார்.

சரி, அந்த யோசனைக்கு வருகிறேன். காட்டுக்குக் கிளம்புகிறவர்கள் முதல் காரியமாக...

மாடிப்படியில் சத்தம். செல்போன் வெளிச்சம் இறங்கி வருகிறது. நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் போய்விட்டேன். மூச்சுகூடச் சத்தமாக விடவில்லை.

"சார் இல்லீங்களா?"

"அஞ்சு நிமிஷம் முன்னாடிதான் வெளியே போனார்," என்றாள் மனைவி.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. வாசலில் கிடக்கும் என் செருப்பைக் குனிந்து பார்க்கிறார் போலிருக்கிறது.