பேஸ் கிதாரைத் தூக்கியெறிந்த பிரின்ஸ்

கேள்வி: எல்லோரும் மைக்கேல் ஜாக்சனையே கொண்டாடுகிறார்கள். அதே காலத்துப் பிரின்ஸ் அவ்வளவு பெரிய ஆளா?
– வாசகி ஒருவர், திருச்சி

பதில்: 1978-இல் வந்த அவருடைய முதல் ஆல்பத்தின் அட்டையில் 27 வாத்தியங்களின் பட்டியல் இருக்கிறது. அத்தனையும் வாசித்தவர் அவர் ஒருவரே. அப்போது வயது 19!

ஊர் மினியாபோலிஸ். அப்பா ஜாஸ் பியானோ கலைஞர். பாடகர் ஜேம்ஸ் பிரவுனைப் பார்த்து மேடையை ஆளக் கற்றார். இசைக்குழுத் தலைவர் ஸ்லை ஸ்டோனைப் போல ஆண், பெண், கறுப்பர், வெள்ளையர் எல்லோரையும் ஒரே குழுவில் சேர்த்தார். பாடகி ஜோனி மிட்சலின் பரம ரசிகர். கிதாரில் ஹென்ட்ரிக்ஸ் சாயல் என்றார்கள். சாண்டானாவின் சாயல்தான் அதிகம் என்றார் அவர்.

1984-இல் வந்த 'வென் டவ்ஸ் க்ரை' பாட்டை ஹெட்ஃபோனில் கேளுங்கள். ஆடவைக்கும் பாட்டுக்கு பேஸ் கிதார்தான் அஸ்திவாரம். அதைப் பதிவு செய்துவிட்டு, கடைசியில் எடுத்தே விட்டார். டிரம் மெஷினுக்கும் குரலுக்கும் நடுவே ஒரு வெறுமை. பிரிவின் வலியே அங்கேதான் இருக்கிறது. அமெரிக்காவில் 5 வாரம் முதலிடம்!

இசை நிறுவனத்துடனான ஒப்பந்தத் தகராறில் 1993-இல் பெயரையே உதறி, வாயால் சொல்ல முடியாத ஒரு சின்னத்தைச் சூடினார். அதை அச்சிடப் பத்திரிகைகளுக்கு எழுத்துருவை ஃப்ளாப்பியில் அனுப்ப வேண்டியதாயிற்று! தன் பழைய ஆல்பங்களின் மாஸ்டர் (மூல ஒலிப்பதிவு) உரிமையை 2014-இல் மீட்டார். இன்று பாடகர்கள் அந்த உரிமையைத் துணிந்து கேட்கிறார்கள் என்றால், முன்னால் நின்று அடி வாங்கியவர் அவர்.

ஜாக்சன் மகா கலைஞர், சந்தேகமில்லை. ஆனால் எழுதி, இசையமைத்து, வாசித்து, பாடி, தயாரிப்பது வரை எல்லாவற்றையும் ஒரே ஆள் செய்த கணக்கில் என் ஓட்டு பிரின்ஸுக்கே. 1987-இல் வந்த 'சைன் ஓ த டைம்ஸ்' ஆல்பத்தில் தொடங்குங்கள்.