ஷோரூம் மேஜைக்கும் ஒருநாள் வாருங்கள்

பெறுநர்:
தலைமை ஆணையர் அவர்கள்,
மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம்,
புது தில்லி.

பொருள்: புதுக் காருக்கு எக்ஸ்டெண்டட் வாரண்டி வாங்குவதா வேண்டாமா என்று யோசிக்க, பாரிவாக்கத்துக் குடிமகன் ஒருவன் கூடுதல் அவகாசம் கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

2023 நவம்பர் 30 அன்று தாங்கள் வெளியிட்ட 'டார்க் பேட்டர்ன்' வழிகாட்டு நெறிகளைப் பயபக்தியோடு படித்தேன். இணையக் கடைகள் ஆளை மயக்கிக் காசு கறக்கும் வழிகளை 13 வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பெயரிட்டு, இலக்கணமும் வகுத்திருக்கிறீர்கள். தொல்காப்பியர் மெய்ப்பாடுகளையே எட்டோடு நிறுத்திக்கொண்டவர். தங்கள் உழைப்பை மெச்சுகிறேன்.

ஒரே ஒரு குறை. இந்த 13 ஜீவராசிகளும் கைபேசித் திரைக்குள் மட்டுமே குடியிருப்பதாகத் தாங்கள் கருதுவதுபோல் தெரிகிறது. எங்கள் ஊரிலிருந்து அதிக தூரமில்லாத ஒரு கார் ஷோரூமில், ஏ.சி. காற்றில், ஓசிக் காபியோடு, அவற்றில் மூன்றை நேரிலேயே தரிசித்தேன். ஷோரூமின் பெயர் வேண்டாம். எந்தக் கம்பெனி போர்டு மாட்டியிருந்தாலும் உள்ளே இருப்பது அதே மேஜைதான்.

புரொஃபார்மாவை நீட்டினார்கள். எக்ஸ்-ஷோரூம் விலை, ஆர்.டி.ஓ., இன்சூரன்ஸ், ஃபாஸ்டேக், ஆக்சஸரீஸ் என்று இறங்கிக்கொண்டே போன பட்டியலில், கேட்காமலே வந்து உட்கார்ந்திருந்தது 'எக்ஸ்டெண்டட் வாரண்டி', 21,000 ரூபாய்ச் சொச்சம்.

"இது என்ன தம்பி?"

"எல்லாரும் எடுக்கிறதுதான் சார். சிஸ்டமே போட்டுடும்."

கேட்காத பொருளைக் கூடைக்குள் நைசாக நுழைப்பது தங்கள் பட்டியலில் இரண்டாவது வகை. இணையத்திலாவது ஒரு டிக்கை எடுத்துவிடலாம். இங்கே டிக்குக்குப் பதில் வெள்ளைச் சட்டையும் டையும் போட்ட, மாத டார்கெட்டோடு போராடும் ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கிறது. அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டு எடுக்கச் சொல்ல வேண்டும்.

சொன்னேன். "தாராளமா எடுத்துடலாம் சார். ஃபேமிலியோட போற வண்டி, ராத்திரி நேரத்துல ஹைவேல நின்னுடக் கூடாதேன்னு சொன்னேன்" என்றது பிள்ளை, குரலை எனக்காக அல்ல, பின்னால் நாற்காலியில் பூவும் பழத்தட்டுமாக இருந்த என் அம்மாவுக்காக உயர்த்தி. மறுப்பவனைக் கூசவைத்துச் சம்மதிக்க வைப்பதும் தங்கள் பட்டியலில் உண்டு. ஆனால், அம்மாவைச் சாட்சிக்கு இழுக்கும் வசதி எந்த ஆப்பிலும் இன்னும் வரவில்லை. "போட்டுடேன்டா, அந்தப் புள்ள நல்லதுக்குத்தானே சொல்லுது" என்றார் அம்மா. அடுத்து, டெலிவரிக்கு முன்னால் போட்டால்தான் இந்த ரேட் என்றார்கள். பொய் அவசரம்: பட்டியலில் முதல் வகை.

ஒரு மணி நேரம் முன்புதான் அதே வாயால் அந்த வண்டியின் இன்ஜின் புகழை, கியர்பாக்ஸ் புகழைக் கேட்டேன் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இந்தப் பக்கத்துக்காரர்களிடம் உதிரிபாகப் புராணம் பாடுவது கொஞ்சம் துணிச்சலும்கூட. பாடியில் லூகாஸ் டிவிஎஸ் ஸ்டார்ட்டரும் ஆல்டர்னேட்டரும் செய்கிறது. பிரேக்ஸ் இந்தியா பிரேக் செய்கிறது. வீல்ஸ் இந்தியா சக்கரம் செய்கிறது. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறைகளுக்குக் கணக்கே இல்லை. எங்கள் தெருவில் ரெண்டு வீட்டுக்கு ஒருவராவது கார் பாகம் ஏதாவதொன்றைக் கடைந்தவர் இருப்பார். ஆல்டர்னேட்டரைத் தொட்டு வளர்ந்த ஊருக்கு ஆல்டர்னேட்டர் பயம் விற்கிறார்கள்.

பயத்துக்காவது பரிகாரம் உண்டா என்று நிபந்தனைத் தாளைப் படித்தேன். பொடி எழுத்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் படித்தேன். கிளட்ச் பிளேட், பிரேக் பேடு, வைப்பர், பல்பு, ரப்பர் சாமான் எல்லாம் தேய்மானம், கிடையாது. டயரும் பேட்டரியும் அவற்றைச் செய்த கம்பெனியின் பாடு. எலி கடித்த ஒயர் கிடையாது; காலி மனைகளும் புதர்களும் சூழ்ந்த பாரிவாக்கத்தில் எங்கள் வண்டிகளை உண்மையில் ரிப்பேர் ஆக்குவது எலிதான். வெள்ளம் கிடையாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னையில் எத்தனை கார்கள் மூழ்கி நின்றன என்று தங்களுக்குத் தெரியும். இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்தால் இந்த வாரண்டி எட்டிப் பார்க்காது; அதற்கு இன்சூரன்ஸில் தனியாக 'இன்ஜின் புரொடெக்ட்' எடுத்திருக்க வேண்டும். பள்ளத்தில் இறங்கி சஸ்பென்ஷன் போனால் அது 'வெளிக் காரணம்'. எங்கள் ஊர்ச் சாலையில் உள் காரணத்தால் சஸ்பென்ஷன் போன வண்டி ஏதாவது உண்டா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

திருவேற்காடு பக்கத்தில்தான் இருக்கிறது. கருமாரியம்மன் சன்னிதியில் பூசை போட்டு நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சை வைத்தால், தேய்மானம் நீங்கலாக என்று அவள் சொல்வதில்லை.

மிச்சம் என்னதான் உள்ளே வரும்? இன்ஜின், கியர்பாக்ஸ், ஏ.சி. கம்ப்ரஸர், பவர் ஸ்டீயரிங் மோட்டார், கம்ப்யூட்டர் பெட்டி, பெரிய டச் ஸ்கிரீன். லேசில் போகாதவை, போனால் அரை லட்சம், ஒரு லட்சம் என்று கேட்பவை. ஆகவே இது முழு மோசடி என்று நான் சொல்லவில்லை. ஆவடியில் எங்களுக்கு வழக்கமான மெக்கானிக்கிடம் கேட்டேன். "அண்ணே, மேனுவல் கியரு, சாதா பெட்ரோல் இன்ஜின், வருஷத்துக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓட்டுவீங்க. ஆயில் ஒழுங்கா மாத்துங்க, அது போதும். ஆட்டோமேட்டிக், டர்போ, டிவி வெச்ச வண்டின்னா போட்டுக்கங்க. அந்த டிவி செத்தா என்னால பொணத்தக்கூட எடுக்க முடியாது" என்றார். ஷோரூமில் இந்த நாலு வாக்கியத்தை யாரும் சொல்லவில்லை.

இப்போதெல்லாம் வழக்கமான வாரண்டியே நீண்டுவிட்டது. மாருதி 2024 ஜூலையில் தன் வாரண்டியை 2 ஆண்டு, 40,000 கிலோமீட்டர் என்பதிலிருந்து 3 ஆண்டு, 1,00,000 கிலோமீட்டராக்கியது. என் ஓட்டத்துக்கு அந்தக் கிலோமீட்டர் தீரவே பத்து வருஷம் ஆகும். நீட்டிப்பை, பெரும்பாலான கம்பெனிகளில், முதல் வாரண்டி முடியும் முன் எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். தாமதித்தால் விலை ஏறும் என்பது உண்மைதான். அந்த ஏற்றத்தைக் கொடுத்து, நான் வாங்கியது நல்ல வண்டியா சனியனா என்று இரண்டரை வருஷம் ஓட்டித் தெரிந்துகொள்வேன் என்றால், அது எனக்கு லாபமாகவே படுகிறது.

அவசரப்பட முடியாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்த நீட்டிப்புக்கு எப்படி வரி போடுவது என்று விளக்க மத்திய அரசுக்கே இரண்டு சுற்றறிக்கைகள் தேவைப்பட்டன. 2023 ஜூலை 17 அன்று, வண்டியோடு சேர்த்து வாங்கினால் ஒரு கணக்கு, பிறகு வாங்கினால் தனிச் சேவை என்றார்கள். 2024 ஜூன் 26 அன்று, வண்டியை விற்பவர் ஒருவர், வாரண்டி தருபவர் வேறொருவர் என்றால் அப்போதும் தனிச் சேவைதான் என்று திருத்திச் சொன்னார்கள். நிதி அமைச்சகம் ஒரு வருஷம் யோசித்த சமாச்சாரத்தை நான் டெலிவரி கேக்கின் கிரீம் உருகுவதற்குள் முடிவு செய்ய வேண்டுமாம்.

இனி உண்மையான விலைக்கு வருகிறேன். அது அந்த 21,000 அல்ல. ஒவ்வொரு சர்வீஸையும் குறித்த தேதியில், கம்பெனி சர்வீஸ் சென்டரிலேயே, அவர்கள் சொன்ன பில்லுக்குச் செய்ய வேண்டும். ஒன்று தவறினாலும் வாரண்டி காலி. அதாவது, பணத்தையும் கொடுத்துவிட்டு ஐந்தாறு வருஷத்துக்கு ஆவடி மெக்கானிக்கையும் மறந்துவிட வேண்டும். 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்ததைத் தாங்கள் அறிவீர்கள். உதிரிபாகங்கள் வெளிச்சந்தைக்கு வராமல் பூட்டி வைத்ததோடு, வெளி மெக்கானிக்கிடம் போனால் வாரண்டி ரத்து என்று கட்டிப்போட்டதையும் அந்த உத்தரவு கண்டித்தது. கம்பெனிகள் மேல்முறையீடு, வழக்கு என்று கிளம்பிவிட்டன. 2022 டிசம்பர் 24 அன்று தங்கள் அமைச்சகமே ரிப்பேர் உரிமைக்கென்று ஓர் இணையதளம் திறந்தது. உரிமை இணையதளத்தில் பத்திரமாக இருக்கிறது. நிபந்தனை என் கையில் இருக்கிறது.

இந்நிலையில் தங்கள் சமூகத்துக்கு என் விண்ணப்பம்: 2025 ஜூனில் இணைய நிறுவனங்களை மூன்று மாதத்துக்குள் தம்மைத் தாமே தணிக்கை செய்யச் சொன்னீர்கள் அல்லவா, அதேபோல் ஷோரூம் மேஜைகளையும் ஒருமுறை சோதிக்கச் சொல்லுங்கள். முடிந்தால் தாங்களே மாறுவேடத்தில் வாருங்கள். மன்னர் காலத்து வழக்கம்தானே. கூடவே வயதான ஒருவரை அழைத்து வந்தால் பட்டியலின் பதினான்காவது வகையையும் கண்டுகொள்வீர்கள்.

அது இயலாதெனில், ஒரே ஒரு வரியையாவது கட்டாயமாக்குங்கள்: 'இது கட்டாயமில்லை, முதல் வாரண்டி முடிவதற்குள் எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம்.' புரொஃபார்மாவில், தமிழில், காரின் விலை எந்த அளவு எழுத்தில் இருக்கிறதோ அதே அளவில். எழுத்தின் அளவை முடிவு செய்யக் குழு அமைத்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. என் மூன்று வருஷம் முடிவதற்குள் அறிக்கை வந்தால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள நுகர்வோன்,
பாரிவாக்கம்.