டயர் பெருக்கமும் கியர் மாறாமையும்: ஓர் ஆய்வு

ஆய்வுச் சிக்கல்

மகிந்திரா தார் வாங்கியவர் முதலில் செய்வது வண்டிக்குப் பூசை போடுவது. அடுத்து செய்வது டயர் கடைக்குப் போய், “இதைவிடப் பெருசா என்ன இருக்கு?” என்று கேட்பது. முதலாவதற்கு முறை சொல்ல அர்ச்சகர் இருக்கிறார். இரண்டாவதற்கு ஆளில்லை என்ற குறையைப் போக்க எழுந்ததே இவ்வாய்வு.

“கியர் எதையும் தொடல, டயர் மட்டும்தான் மாத்தினேன்” என்று உரிமையாளர் பெருமக்கள் கூறி வருகின்றனர். இக்கூற்று பொருந்துமா என்பதே ஆய்வுச் சிக்கல். பொருந்தாது என்பது கருதுகோள். டயரை மாற்றிய கணத்திலேயே கியரும் மாறிவிடுகிறது. அதற்குத் தனியே பில் வராததால் எவரும் கவனிப்பதில்லை.

ஆய்வு எல்லை

2020 அக்டோபர் 2 அன்று விற்பனைக்கு வந்த தலைமுறையைச் சேர்ந்த தார், அதிலும் 16 அங்குல வீல் உள்ளது மட்டுமே எடுத்துக்கொள்ளப்பட்டது. டயர் என்றால் ஐந்து என்று கொள்க. பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னியைப் பழைய அளவிலேயே விட்டுவிட்டு நான்கு மட்டும் வாங்குவோர் ஆய்வு எல்லைக்கு அப்பாற்பட்டோர். பஞ்சர் ஆகும் அன்று அவர்கள் தாமாகவே எல்லைக்குள் வந்து சேர்வர்.

உரிமையாளர் மூவகைப்படுவர்: மலை ஏறுவோர், மலை ஏறப்போவதாகச் சொல்வோர், மால் பார்க்கிங்கில் மட்டும் ஏறுவோர். மிகப்பெரிய டயர் மூன்றாம் வகையினரிடமே காணப்படுவதன் காரணம் உளவியல் துறைக்கு உரியது.

இயல் 1: உயரத்தின் இயல்பு

கம்பெனி தரும் டயரின் பக்கவாட்டில் 245/75 ஆர்16 என்று பொறித்திருக்கும். 245 என்பது மில்லிமீட்டரில் அகலம். அந்த அகலத்தில் 75 சதவீதம் பக்கச்சுவரின் உயரம். 16 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். கூட்டிப் பார்த்தால் டயரின் மொத்த விட்டம் 774 மி.மீ. அன்பர்கள் ஆசைப்படும் 285/75 ஆர்16 போட்டால் 834 மி.மீ. ‘33 அங்குலம்’ என்று கடைத்தெருவில் வழங்குவது இதுவே.

வித்தியாசம் 60 மி.மீ. ஆனால் வண்டி உயர்வதோ 30 மி.மீ. மட்டுமே. மீதி 30 எங்கே போனது? அது அச்சுக்கு மேலே, மட்கார்டுக்குள் ஏறி உட்கார்ந்திருக்கிறது. கொடுத்த பணத்தில் பாதி கல்லைத் தாண்டவும் பாதி மட்கார்டை இடிக்கவும் செலவாகிறது என்பது இதனால் பெறப்படும்.

இயல் 2: கடைசி கியர்

எஞ்சினின் விசை கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், கிரவுன் பினியன் ஆகியவற்றின் வழியே டயருக்கு வருகிறது. தரையைத் தள்ளும் வலு எவ்வளவு என்பதை டயரின் ஆரமே இறுதியில் முடிவு செய்கிறது. ஆரம் கூடினால் வலு குறையும். எனவே டயரும் ஒரு கியரே. பல் இல்லாததால் அது கியர் அல்ல என்போர், பல் இல்லாத பாட்டியை வீட்டில் மூத்தவர் அல்ல என்பாரோடு ஒப்பர்.

774ஐ 834ஆல் வகுத்தால் 0.928. ஒவ்வொரு கியரிலும் இழுவையில் ஏழு சதவீதம் போயிற்று. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இதன் செய்முறை விளக்கம் கிடைக்கும். மூன்றாவது கியரில் எடுத்த வளைவுக்கு இப்போது இரண்டாவது வேண்டும். உரிமையாளர் இதை ‘டீசல்ல கலப்படம்’ என்று பதிவு செய்வார்.

ஏற்றம் போகட்டும், இறக்கத்தைக் காண்போம். ஃபோர் வீல் லோவில் முதல் கியர் போட்டு, பிரேக்கில் கால் வைக்காமல் வண்டியை ஊர விடுவது பாறைச்சரிவில் இறங்குவோர் வழக்கம். பெரிய டயரில் அந்த ஊர்தல் எட்டு சதவீதம் வேகமாகிறது. எஞ்சின் பிடித்து நிறுத்தும் வலுவும் அதற்கேற்பத் தளர்கிறது. டிஸ்க்கின் அளவு மாறாததால் பிரேக்கின் பிடிக்கும் இதே கதி. மலைக்கென்று வாங்கிய டயர் மலைக்கு வேண்டிய மூன்றையும் குறைத்துவிடுகிறது.

முன்னோர் இதை அறிந்திருந்தனர். இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்பின் எஞ்சின் 60 குதிரைத்திறன், டயர் 6.00-16 என்ற ஒல்லி அளவு, ஆக்சில் ரேஷியோ (கிரவுன் பினியனின் பல் விகிதம்) 4.88. சிறிய டயரும் பெரிய ரேஷியோவும் சேர்ந்து ஒரு போரையே இழுத்தன. இன்றைய அமெரிக்கரும் இதை மறக்கவில்லை. 4.10 ரேஷியோவுடன் வரும் ஜீப் ரேங்லர் ரூபிகானில் 35 அங்குல டயர் போட்டால் அது ஏறத்தாழ 3.8 போல நடந்துகொள்ளும். ஆகவே 4.56 அல்லது 4.88 கிரவுன் பினியன் போட்டுச் சரிக்கட்டுகின்றனர். அதுவும் முன் ஆக்சில், பின் ஆக்சில் இரண்டுக்கும். சிக்கனம் கருதி ஒன்றுக்கு மட்டும் போட்டு ஃபோர் வீலில் ஓட்டினால் இரண்டு ஆக்சிலும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி டிரான்ஸ்ஃபர் கேஸை முறித்துவிடும்.

இயல் 3: மீட்டரின் பொய்மை

மீட்டருக்கு டயர் மாறிய செய்தி தெரியாது. அது 100 காட்டும்போது வண்டி 108ஐத் தொட்டிருக்கும். வேகக் கேமராவுக்கு மட்டும் உண்மை தெரியும்.

மைலேஜில் இப்பொய் சோகமாகிறது. 40 லிட்டர் டீசலில் 480 கி.மீ. ஓடியதாக மீட்டர் காட்டினால் உண்மையில் ஓடியது 517. உரிமையாளரோ 480ஐ 40ஆல் வகுத்து, “12தான் குடுக்குது” என்று புலம்புவார். கிடைத்தது ஏறத்தாழ 13. கனமான டயரால் மைலேஜ் இறங்குவது உண்மையே. ஆனால் இறங்கியதைவிட அதிகமாக அழுகிறார் என்பது ஆய்வாளரின் கண்டுபிடிப்பு.

இயல் 4: உரசலியல்

களஆய்வு ஓர் ஒர்க்‌ஷாப்பில் நடந்தது. ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தால் இடது முன்சக்கரத்தில் ‘சரக், சரக்’ என்று சத்தம். மெக்கானிக் குனிந்து டார்ச் அடித்தார். மட்கார்டின் உள்ளே இருந்த கறுப்பு பிளாஸ்டிக் லைனிங்கில் உள்ளங்கை அகலத்துக்கு ஓரிடம் மட்டும் பாலிஷ் போட்டதுபோல் பளபளத்தது.

“அண்ணே, என்ன செய்யலாம்?”

“ஹீட் கன் வெச்சு உள்ள தள்ளி விட்டுரலாம் சார். அப்பவும் உரசுச்சுன்னா லிஃப்ட் கிட் போடணும்.”

“அதுக்கப்புறம்?”

“அப்புறம் பிக்கப் இல்லைன்னு வருவீங்க சார். எல்லாரும் வருவாங்க.”

இவ்விறுதி வாக்கியத்தில் இயல் 2 முழுவதும் அடங்கியிருப்பதை ஆய்வாளர் பொறாமையுடன் குறித்துக்கொண்டார்.

சட்ட நோக்கு

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரித்தவர் வரையறுத்ததற்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 182ஏ(4) பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். ஐந்து டயர் ஒரு மாற்றமா, ஐந்து மாற்றங்களா என்பது மேலாய்வுக்கு உரிய களம்.

முடிவுகளும் பரிந்துரைகளும்

ஒன்று: கியரை மாற்றாமல் டயரைப் பெரிதாக்க இயலாது. கருதுகோள் நிறுவப்பட்டது.

இரண்டு: தாரின் 18 அங்குல வீல் வகைக்குக் கம்பெனியே தரும் 255/65 ஆர்18 டயரின் விட்டம் 789 மி.மீ. கூடுதல் இரண்டு சதவீதமே. அந்த அளவோடு நிற்பவருக்கு எஞ்சினாலும் இடையூறில்லை, ஆர்டிஓவாலும் இடையூறில்லை.

மூன்று: தூத்துக்குடிப் பக்கத்துத் தேரிக்காட்டுச் செம்மணலில் வண்டி புதைந்தால் அதற்கு மருந்து விட்டம் அல்ல, காற்று. டயர் காற்றை 18 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கினால் டயர் பரந்து மணலில் படுத்து நகரும். செலவு ஏதுமில்லை. ரோட்டில் ஏறும் முன் மறக்காமல் காற்றை நிரப்புக.

நான்கு: 33 அங்குலம்தான் வேண்டும் என்று மனம் அடம்பிடித்தால், இரண்டு ஆக்சிலுக்கும் கிரவுன் பினியன் என்ன விலை என்று முதலில் கேளுங்கள். அதை டயர் விலையோடு கூட்டுங்கள். கூட்டிய தொகையை வீட்டில் வாய்விட்டுச் சொல்லுங்கள். அதன்பிறகும் அனுமதி கிடைத்தால் தாராளமாக வாங்கலாம்.