தினம் ஒரு வரைபடம்

கேள்வி: கைப்பேசியே வழி காட்டுகிறது. அப்புறம் எதற்கு மாதம் முழுக்க தினம் ஒரு வரைபடம் போடுகிறார்கள்? (வாசகர், தேனி)

பதில்: கைப்பேசி வழியைச் சொல்லும்; ஊரைப் பற்றி வாயே திறக்காது. பின்லாந்தின் வரைபடக் கலைஞர் டோப்பி ட்யுக்கானொவ் 2019-இல் தொடங்கிவைத்த சவால் இது. நவம்பரின் 30 நாளும் நாளுக்கொரு தலைப்பு: முதல் நாள் புள்ளி, மறுநாள் கோடு, அதற்கடுத்து பரப்பு. வரைய உதவும் க்யூஜிஐஎஸ் மென்பொருளும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவும் காசில்லாமல் கிடைக்கின்றன.

பரப்பு நாளுக்குப் பின்லாந்தையே எடுத்துக்கொள்ளுங்களேன். எல்லைக்கோடு வேண்டாம், ஊர்ப்பெயர் வேண்டாம். அங்குள்ள சுமார் 1,88,000 ஏரிகளை மட்டும் நீலத்தில் நிரப்புங்கள். நீண்ட ஏரிகள் பலவும் வடமேற்கிலிருந்து தென்கிழக்காக, சீப்பால் வாரிவிட்டதுபோல் கிடக்கும். பனியுகத்தில் நகர்ந்த பனிப்பாளம் தரையைச் சுரண்டிய திசை அது! ஏரி வரைய உட்கார்ந்தவருக்குப் பனிப்பாளம் போன பாதையே கிடைத்துவிடுகிறது. எந்தக் கைப்பேசி இதைச் சொல்லும்?

முப்பதையும் முடித்தாக வேண்டும் என்ற கட்டாயமில்லை. மூன்று வரைந்தாலும் சேர்த்திதான். நவம்பர் வரை காத்திருக்காதீர்கள், இன்றிரவே ஒரு புள்ளி வையுங்கள்.