மேல்நீரும் கீழ்நீரும்: ஏனாத்தூர் நடையர் நனையும் முறை குறித்து

மழையில் நடப்பதா, ஓடுவதா என்ற வழக்கை வட கரோலினாவின் வானிலையாளர்கள் தாமஸ் பீட்டர்சனும் ட்ரெவர் வாலிஸும் 1997-இல் தீர்த்துவிட்டதாக உலகம் நம்புகிறது. ஒரே மாதிரி உடுத்திக்கொண்டு ஒருவர் 100 மீட்டர் நடந்தார், மற்றவர் ஓடினார்; பிறகு துணியை எடை போட்டார்கள். ஓடியவர் சுமார் 40 சதவீதம் குறைவாக நனைந்திருந்தார். கணக்கு சரிதான். ரப்பர் செருப்பைத்தான் கணக்கில் சேர்க்கவில்லை.

ஐப்பசி, கார்த்திகையில் ஏனாத்தூர்க்காரரை நனைப்பவை இரண்டு. வானத்திலிருந்து வருவது மேல்நீர். எவ்வளவு பெரிய துளியானாலும் நொடிக்குச் சுமார் 9 மீட்டருக்கு மேல் வேகம் எடுக்காது. காய்ந்தால் தடமும் இராது. கீழ்நீர் சேறு கலந்தது. பின்னங்கால் தூக்கும்போது செருப்பின் குதிப்பக்கம் சேற்றில் ஒட்டி, விடுபட்டு, பட்டென்று குதிகாலில் அடிக்கிறது. அந்த அடியில் கிளம்பும் சேறு கெண்டைக்கால், வேட்டி, சட்டை முதுகு என்று படிப்படியாக ஏறும். நடையின் வேகம் கூடக்கூட ஏற்றமும் கூடும். அதாவது ஓடி மிச்சப்படுத்திய மேல்நீரைக் கீழ்நீராகத் திருப்பிக் கட்ட வேண்டும், வட்டியோடு. கட்டியவருக்கு அது தெரியாது. பின்னால் வருபவருக்குத்தான் தெரியும்.

ஏனாத்தூர் இருக்கும் இதே காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று வகுத்து, உறுப்பினருக்கு 35 முதல் 70 வரை வயதுவரம்பும் விதித்தன. ஏரிக்கரையில் நனைந்துகொண்டு நடப்பவருக்கென ஒரு வாரியம் வைக்காதது சோழர் நிர்வாகத்தின் குறை என்றே கருதுகிறேன்.

மேல்நீருக்கு ஊர் கண்ட விடை யூரியா சாக்கு. அடிமூலை ஒன்றை மற்றதற்குள் செருகினால் தலைக்குக் கூம்பு, முதுகுக்குப் போர்வை. காற்றில் குடைபோல மல்லாந்துகொள்ளாது. இரண்டு கையும் சும்மா இருக்கும். தலையில் கேரி பேக் மாட்டும் மாற்றுமுறை, 2019 ஜனவரி 1-ஆம் தேதி வந்த பிளாஸ்டிக் தடைக்குப் பின் ஆதரவிழந்தது.

கீழ்நீருக்கு விடை இன்னும் எளிது: செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வது. சேறு தெறிப்பது நிற்கிறது, செருப்பும் நனையாமல் தப்புகிறது. இப்போது அமெரிக்க முடிவின்படி தாராளமாக ஓடலாம். யாரும் ஓடுவதில்லை. ஈரக் களிமண்ணில் வெறுங்காலோடு ஓடி வழுக்கியவருக்கு மேல்நீர், கீழ்நீர் என்ற பாகுபாடே கிடையாது.